லிங்கனின் மைந்தரும் புல்மேன் கம்பெனியும்

அமெரிக்க ஜனாதிபதி ஆப்ரகாம் லிங்கனின் பெயரை அறியாதவர் நம்மில் வெகு சிலரே இருப்பர். அவருக்குப் பிறந்த நான்கு ஆண் மக்களில் மூவர் இளமையிலேயே மாண்டு போயினர். எஞ்சி நின்று 82 வயது வரை வாழ்ந்தவர் மூத்த மகன் ராபர்ட் டாட் லிங்கன் ஒருவரே. அவருடைய சரித்திரமும் நாம் அறிய வேண்டிய ஒன்றாகும்.

1843-ல் இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்த ராபர்ட், 1864-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் பட்டம் பெற்றார். உள்நாட்டு யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஜெனரல் கிராண்டின் கீழ்க் காப்டனாகப் பணியாற்றினார். எதிரிப் படைத் தலைவர் லீ சரணடைந்தபோது உடனிருந்தார். ஐந்தே நாளில் தந்தை சுடப்பட்டார். அதற்கு முன்னர் ஒரு சமயம், ரயில் மேடையிலிருந்து தவறி விழவிருந்த ராபர்ட்டை ஒருவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினார். அவர் எட்வின் பூத் என்னும் நடிகர். தந்தையைச் சுட்டவனுடைய சொந்தத் தமையன்! விதியின் விளையாட்டை என்னென்பது?

பின்னர் சிகாகோவில் வக்கீல் தொழில் நடத்தினார். 1881 முதல் 1885 வரை யுத்த மந்திரியாகவும், 1889 முதல் 1893 வரை லண்டனில் அமெரிக்கத் தூதராகவும் இருந்தார். ஆனால் அவர் பெரும் பொருள் ஈட்டியது ரயில் தொழிலிலேதான்.

ஜார்ஜ் புல்மேன் என்பவர் சொகுசான படுக்கை வண்டிகளைக் கட்டி ரயில் கம்பெனிகளின் பாதைகளில் ஓட்டி வந்தார். அவருடைய கம்பெனிக்கு வக்கீலாக இருந்த ராபர்ட், 1897-ல் புல்மேன் இறந்ததும் அதன் தலைமையை ஏற்று, 1911 வரை திறம்பட நடத்தினார். அதன் பின்னரும் 1922 வரை நிர்வாக சபைத் தலைவராக இருந்தார்.

அவ்வண்டிகளில் படுக்கை விரித்து, பெட்டி சுமந்து, பாதரட்சை துடைத்த போர்ட்டர்கள் யாவர்? கறுப்பின மக்களே. ஆதியில் சேர்ந்தவர்களில் பலர், லிங்கன் காலத்தில் விடுதலை பெற்ற அடிமைகள். மாதம் 400 மணி நேரம் வரை உழைத்தனர். பாதரட்சை மெழுகைக்கூடத் தம் கைக்காசில்தான் வாங்க வேண்டும். பிரயாணிகள் அவர்களை முதலாளியின் பெயரால் ஜார்ஜ் என்றே கூப்பிட்டனர். அடிமையை எஜமானனின் பெயரால் அழைத்த பழைய வழக்கம் அது!

1915-ல் அரசாங்கக் கமிஷன் ஒன்றின் முன் ராபர்ட் சாட்சியம் சொல்ல நேர்ந்தது. போர்ட்டரின் ஆரம்பச் சம்பளம் மாதம் 27 அமெரிக்க வெள்ளி 50 காசு என்பது அங்கே வெளியாயிற்று. குடும்பம் நடத்தப் பிரயாணிகள் கொடுக்கும் இனாமையே நம்ப வேண்டியிருந்தது. ராபர்ட்டைக் கொடியவர் என்று கூறுவது நியாயமன்று. வேறு நல்ல வேலை கிடைக்காத காலத்தில், இவ்வுத்தியோகத்தைக் கொண்டே பிள்ளைகளைப் படிக்க வைத்த போர்ட்டர்கள் உண்டு. எனினும் சம்பளத்தை உயர்த்தும் அதிகாரம் லிங்கனின் மகன் கையிலேயே பல்லாண்டு இருந்தது.

1922-ல் வாஷிங்டனில் லிங்கன் நினைவு மண்டபம் திறக்கப்பட்டபோது முதியவரான ராபர்ட்டும் வந்திருந்தார். கறுப்பின விருந்தினரை அன்று தனியே ஒதுக்கி உட்கார வைத்தனர்.

1925-ல் ராண்டால்ஃப் என்பவரின் தலைமையில் போர்ட்டர்கள் சங்கம் அமைத்தனர். மறு ஆண்டு ஜூலை 26-ல் வெர்மாண்ட் மாநிலத்திலுள்ள தம் மாளிகையில் ராபர்ட் காலமானார். 1937-ல் கம்பெனி சங்கத்துடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. சம்பளம் உயர்ந்தது, வேலை நேரம் மாதம் 240 மணியாகக் குறைந்தது.