குருதியின் விசையை அளந்த பாதிரியார்

மருத்துவரிடம் செல்கிறோம். அவர் நம் கையில் பட்டையைச் சுற்றுகிறார்; காற்றை ஏற்றுகிறார்; மெல்ல இறக்கி, எண்ணைக் குறித்துக்கொள்கிறார். ஒரு நிமிடத்து வேலை! இதற்கு முதன்முதலில் வழி திறந்தவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். கிராமத்துப் பாதிரியார் ஒருவர். ஸ்டீபன் ஹேல்ஸ் என்பது அவர் பெயர்.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 1677-ஆம் ஆண்டு பிறந்தார் ஹேல்ஸ். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குச் சமயக் கல்வி பயிலச் சென்றவரை, அங்கே விஞ்ஞானம் பற்றிக்கொண்டது. 1709-இல் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டெடிங்டன் என்னும் சிற்றூருக்குப் பாதிரியாராக வந்தார். 1720-இல் திருமணம் நடந்தது. மறு ஆண்டே மனைவி மறைந்தார். பிறகு அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

குருதி உடலில் சுற்றி வருகிறது என்பதை 1628-லேயே ஹார்வி நிறுவிவிட்டார். ஆனால் அது எவ்வளவு விசையோடு ஓடுகிறது? இந்தக் கேள்விக்குத்தான் ஹேல்ஸ் விடை தேடினார். நோயுற்ற ஒரு பெட்டைக் குதிரையைக் கட்டிக் கிடத்தி, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகினார். அதனோடு 9 அடி நீளக் கண்ணாடிக் குழாயை நிமிர்த்திப் பொருத்தினார். குருதி மேலேறியது, இருதயத்தின் மட்டத்திற்கு மேல் 8 அடி 3 அங்குலம் வரை சென்று நின்றது! நாடி துடிக்குந்தோறும் அது ஏறி இறங்கிற்று. குதிரை பெருமூச்சு விட்டபோது உயர்ந்தது. குருதி வெளியேற வெளியேறத் தாழ்ந்தது. இறுதியில் குதிரை இறந்தது.

நாய்களின் குடலிலுள்ள நுண்ணிய குழல்களில் வெந்நீரையும் பிராந்தியையும் செலுத்திப் பார்த்தார். பிராந்தி அவற்றைச் சுருங்கச் செய்து, ஓட்டத்தைத் தடுத்தது. ஆகவே இருதயத்தின் வலிமையோடு, குருதியின் அளவும், குழல்களின் சுருக்கமும் அழுத்தத்தை மாற்றுபவை. இன்றைய மருத்துவமும் இதையே சொல்கிறது. இவற்றையெல்லாம் 1733-இல் நூலாக வெளியிட்டார். மறு ஆண்டு, ஜின் என்னும் மதுவை எதிர்த்தும் எழுதினார்.

இவ்வாறு உயிர்களை வதைக்கலாமா? அண்டை ஊரில் வாழ்ந்த நண்பர், கவிஞர் போப், இதனை வெறுத்தார். உடலை அறுக்கும் வேலை ஹேல்ஸுக்கே கசந்தது. பல ஆண்டுகள் அதை விட்டுவிட்டுச் செடிகொடிகளில் நீரேறும் விதத்தை ஆராய்ந்தார். பிற்காலத்தில் கப்பல்களிலும் சிறைகளிலும் தூய காற்றைப் புகுத்தும் கருவிகளை அமைத்து, பலரின் உயிரைக் காத்தார். 1761-இல், 83-ஆம் வயதில் மறைந்து, தாம் ஊழியம் செய்த ஆலயத்திலேயே அடக்கமானார்.

மனிதனின் குருதி ஏழரை அடி உயரும் என்று அவர் கணித்தார். அது பிழை. 120 மில்லிமீட்டர் பாதரசம் என்பது ஏறத்தாழ 5 அடிக் குருதிக்குச் சமம். குதிரையின் 8 அடி 3 அங்குலமும் இயல்பான அளவன்று. ஓய்வாக நிற்கும் குதிரைக்கு அழுத்தம் மிகக் குறைவு. அந்த உயரத்தில் அதன் அச்சமும் வேதனையும் கலந்திருந்தன.

1896-இல் ரீவா ரோச்சி கைப்பட்டையை அமைத்தார். 1905-இல் கொரோட்காவ் நாடியின் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையைக் கண்டார். அதனால் இன்று ஊசிமுனைக் காயமும் இன்றி அளவு தெரிகிறது. நண்பர்களே, பரீட்சைக்கு ஓடும் அவசரத்தில் கையை நீட்டாதீர்கள். சற்று அமைதியாக அமர்ந்த பின் நீட்டுங்கள். அச்சம் அளவை உயர்த்தும் என்பதற்கு உயிர் கொடுத்துச் சான்று சொன்னது, டெடிங்டன் பாதிரியாரின் குதிரை.