புத்தகத்துக்கு எண் கொடுத்த கணக்கு வாத்தியார்: யார் இந்த எஸ்.ஆர்.ரங்கநாதன்?

தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. இவர் 1892-ல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். சில நாளிலேயே போரடித்துவிட்டது. திரும்பவும் கல்லூரிக்கே வந்துவிடுகிறேன் என்று போய் நின்றார். முதலில் லண்டன் போய் நூலகப் படிப்பைப் பார்த்துவிட்டு வாங்க, அப்புறம் முடிவெடுக்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள்.

அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்தார். அதே துண்டுகளை மாற்றி மாற்றி முடுக்கினால் வேற வேற பொம்மை வருகிறது. புத்தகத் தலைப்பையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து, நடுவில் கோலன் குறி போட்டு இணைத்தால் என்ன? அந்த யோசனைதான் 1933-ல் கோலன் பகுப்பு முறையாக வெளிவந்தது. ஆள் நூலகத்தைவிட்டுப் போகவே இல்லை.

இதில் என்ன பெரிய விஷயம்? நூலகத்துக்கு வரும் புத்தகத்துக்கு இரண்டு எண் உண்டு. ஒன்று, பதிவேட்டில் வந்த வரிசைப்படி விழும் அக்சஷன் நம்பர். 5001-க்கு அடுத்து 5002, அவ்வளவுதான். அது சமையல் புத்தகமா, சங்க இலக்கியமா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை கொடுத்தால் மாறாது. இன்று டேட்டாபேஸ் தானாகவே போட்டுக்கொள்ளும் 'பிரைமரி கீ' கிட்டத்தட்ட இதேதான். புரோகிராமர் எண் எதுவும் தர வேண்டாம். தகவல் உள்ளே போனதும் டேட்டாபேஸ் அடுத்த எண்ணைப் போடும். 'ஓஆர்எம்' என்கிற மென்பொருள் கருவி அதைக் கேட்டு வாங்கி புரோகிராமிடம் சேர்க்கும்.

இரண்டாவது, அலமாரியில் புத்தகத்தின் இடத்தைச் சொல்லும் எண். ரங்கநாதன் மண்டையை உடைத்துக்கொண்டது இதில்தான். பொருள், மொழி, வெளியான ஆண்டு எல்லாம் எண்ணிலேயே தெரிய வேண்டும் என்றார். சரி, ஒரே பொருளில், ஒரே மொழியில், ஒரே ஆண்டில் இரண்டு புத்தகம் வந்தால்? அங்கேதான் சிக்கல். முதலில் வந்ததை அப்படியே விட்டார். அடுத்து வந்ததற்குக் கூடவே 1, அதற்கடுத்ததற்கு 2 என்று சேர்த்தார். அர்த்தத்தை வைத்தே எண் கட்டிய மனுஷனும் இந்த இடத்தில் வந்த வரிசையைத்தான் நம்பினார்!

1957-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார். உலகம் முழுக்க டூயி முறைதான் அதிகம் புழங்குகிறது என்றாலும், இந்தியாவில் நூலகர் தினம் இவர் பெயரில்தான், ஆகஸ்ட் 12 அன்று.