பேய்க் கதை தந்த பெரியார் ஹெர்ன்

இரவில் பாட்டியின் அருகிற் படுத்துப் பேய்க் கதை கேட்டு அஞ்சாதவர் நம்முள் எவரும் இலர். ஜப்பானிய முதியோர் அங்ஙனம் சொல்லிவந்த கதைகளை உலகோர் படித்து வியக்கச் செய்தவர் லாப்காடியோ ஹெர்ன் என்னும் எழுத்தாளர். அவருடைய வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

ஹெர்ன் 1850-ஆம் ஆண்டு லெப்காடா என்னும் கிரேக்கத் தீவிற் பிறந்தார். தாய் கிரேக்க மாது. தந்தை ஆங்கிலப் படையில் மருத்துவராயிருந்த அயர்லாந்துக்காரர். பெற்றோர் பிரிந்தனர், டப்ளின் நகரில் தந்தைவழி உறவினரான மூதாட்டியொருவர் குழந்தையை வளர்த்தார். இருட்டறையில் தனியே உறங்க விடப்பட்ட சிறுவனின் கண்முன் பேயுருவங்கள் தோன்றின. பதினாறாம் வயதில், பள்ளி விளையாட்டில் நேர்ந்த விபத்தால் இடக்கண் பார்வை போயிற்று. வளர்த்தவரின் செல்வமும் அழியவே, பத்தொன்பதாம் வயதில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே பட்டினி கிடந்தும் பாடுபட்டும் பத்திரிகையாளரானார். பின்னர் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் வாழ்ந்தார்.

1890-இல் ஜப்பான் சேர்ந்து, மட்சுயே என்னும் ஊரில் ஆங்கில ஆசிரியரானார். வறுமையுற்ற சாமுராய்க் குடியிற் பிறந்த கொய்சுமி செட்சு அவருக்கு வாழ்க்கைத் துணைவியானார். 1896-இல் ஹெர்ன் ஜப்பானியக் குடியுரிமை பெற்று, கொய்சுமி யாக்குமோ எனப் பெயர் பூண்டார். அவ்வாண்டு முதல் 1903 வரை டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் போதித்தார்.

ஜப்பானிய நூல்களைத் தாமே படித்தறியும் புலமை அவருக்கில்லை; அம்மையாருக்கோ ஆங்கிலம் தெரியாது. இருவரும் தமக்கென அமைத்துக்கொண்ட எளிய ஜப்பானிய மொழியிற் பேசினர். அம்மையார் பழங்கதை நூல்களைத் தேடிக் கொணர்வார். இரவில் விளக்கொளியைத் தணித்துவிட்டு அவர் கதை சொல்ல, ஹெர்ன் அச்சத்தோடு கேட்பார். நூலைப் பார்த்துப் படிக்கலாகாது. சொந்தச் சொற்களிலேயே கூற வேண்டும் என்பது அவர் விருப்பம். இங்ஙனம் பிறந்ததே 1904-இல் வெளிவந்த 'குவைடான்' என்னும் நூல். ஆவிகளிடம் செவிகளைப் பறிகொடுத்த குருட்டுப் பாணன் ஹோயிச்சியின் கதை அதிலுள்ளது. அந்நூலின் பெயரால் 1964-இல் திரைப்படமும் வெளிவந்தது.

1904-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள், தம் ஐம்பத்து நான்காம் வயதில், அவர் நெஞ்சு நோயால் டோக்கியோவில் மறைந்தார்.

நிலையான வீடின்றி அலைந்தவருக்கு, வந்தடைந்த நாட்டின் வீட்டுக் கதைகளே வீடாயின. பிறந்த ஊரைவிட்டு வாழும் நாமும் நம் வீட்டு முதியோரைக் கதை சொல்லச் செய்து, நம் மக்களைக் கேட்கச் செய்வோமாக. சொல்வாரும் கேட்பாரும் இல்லாவிடின் பேயும் வாழாது, மொழியும் வாழாது.