சர் ரொனால்டு ராஸ்

சதுப்பு நிலத்தில் எழும் தீய காற்றே மலேரியாக் காய்ச்சலைத் தருகின்றதென முன்னாளில் மக்கள் நம்பினர். அந்நம்பிக்கையை ஆராய்ச்சியால் அகற்றிய அறிஞர்களுள் தலைசிறந்தவர் சர் ரொனால்டு ராஸ்.

இவர் 1857ஆம் ஆண்டு இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார்; 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். நோயாளியின் குருதியில் மலேரியாக் கிருமி வாழ்வதைப் பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் 1880இல் கண்டிருந்தார். அக்கிருமி ஒருவரிடமிருந்து மற்றொருவரை அடைவது எவ்வாறு? அதனைக் கொசுவின் உடலில் தேடுமாறு, 1894இல் பாட்ரிக் மான்சன் என்னும் அறிஞர் ராஸைத் தூண்டினார்.

ராஸ் செகந்தராபாத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். நோயாளிகளைக் கொசுக்கள் கடிக்கச் செய்து, பின்னர் அவற்றை அறுத்து நுண்ணோக்கியில் நோக்கினார். விசிறினால் கொசுக்கள் பறந்துவிடுமென்று கடுங்கோடையிலும் காற்றின்றி உழைத்தார். நெற்றி வியர்வையால் நுண்ணோக்கியின் திருகுகள் துருவேறின. சாம்பல் நிறக் கொசுக்கள் பலவற்றை ஈராண்டுகள் ஆராய்ந்தும் பயன் விளையவில்லை.

1897 ஆகஸ்டில், புள்ளிச் சிறகுடைய வேறுவகைக் கொசுக்கள் சில கிடைத்தன. கடிக்கு ஓரணா வீதம் பெற்ற நோயாளி ஒருவரின் குருதியை அவை உண்டன. 20ஆம் நாள், அவற்றுள் ஒன்றின் இரைப்பைச் சுவரில், மலேரியாக் கிருமிக்கே உரிய கருநிறத் துகள்களைத் தாங்கிய உருண்டைகளை ராஸ் கண்டார். அக்கொசு அனாபிலிஸ் இனத்தது. குறை அவர் முயற்சியில் இல்லை. தேர்ந்த கொசுவின் இனத்திலேயே இருந்தது.

மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளின் மலேரியாவை ஆராய்ந்தார். மனிதக் கிருமியை வளர்க்காத சாம்பல் நிறக் கொசுவே, பறவைக் கிருமியைத் தன் உமிழ்நீர்ச் சுரப்பியில் தாங்கி, நோயற்ற குருவிகளுக்குக் கொடுத்தது. அவ்வாண்டிலேயே இத்தாலி நாட்டில் கிராஸியும் அவர்தம் துணைவரும், மனிதரிடையே நோய் பரப்புவது அனாபிலிஸ் என மெய்ப்பித்தனர். 1902இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கொசுக்களுள் பெண்ணே குருதி உண்ணும். உண்ட கிருமி முதிர ஏறத்தாழப் பத்து நாட்கள் ஆகும். அதுவரை உயிர்வாழ்ந்து, மீண்டும் மனிதரையே கடித்தால்தான் அக்கொசு நோயைப் பரப்பும். மாட்டைக் கடித்தால் கிருமி வீணாகும். ஆதலின், மாட்டுக் குருதியை விரும்பும் அனாபிலிஸ் வகைகளினும், மனிதக் குருதியையே நாடும் ஆப்பிரிக்கக் காம்பியே வகை மிகக் கொடியது. மனிதரைக் கடிக்கும் கொசுக்கள் எத்தனை, கிருமி முதிரும்வரை பிழைப்பவை எத்தனை என ராஸ் மொரீசியசுத் தீவு பற்றிய 1908ஆம் ஆண்டு அறிக்கையில் கணக்கிட்டார். கொசுக்களை முற்றும் அழிக்க வேண்டுவதில்லை. ஓர் அளவிற்குக் கீழே குறைத்தாலே நோய் தேய்ந்து மறையும் எனத் தெளிந்தார்.

ராஸ் 1932இல் மறைந்தார். ஈராண்டுத் தோல்விக்குப் பின்னும், அடுத்த கொசுவைப் பொறுமையுடன் நோக்கிய அவர்தம் ஊக்கம், எண்ணற்ற உயிர்களைக் காக்க வழிவகுத்தது.