தோட்டத் துண்டாடலுக்கு எதிராகப் பத்து வெள்ளி: துன் சம்பந்தனின் நிலக் கூட்டுறவு

ஈப்போவிலிருந்து வடக்கே செல்லும் இரயில் பாதையில் தஞ்சோங் ரம்புத்தான், செம்மோர் ஆகிய ஊர்களைத் தாண்டினால் சுங்கை சிப்புட். ஒரு காலத்தில் இந்த வட்டாரம் முழுக்க ரப்பர் தோட்டங்கள். 1919 ஜூன் 16ஆம் தேதி அந்தச் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் வீ.தி.சம்பந்தன். தந்தை வீராசாமி தமிழகத்திலிருந்து வந்து உழைத்து முன்னேறித் தோட்ட உரிமையாளரானவர். மகன் கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியிலும் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தார். தோட்ட உரிமையாளரின் மகன்தான் பின்னாளில் பால்மரம் வெட்டுகிறவர்களைத் தோட்டத்துக்குப் பங்குதாரர்கள் ஆக்கினார்.

1955இல் ம.இ.கா. தலைவரானார். அதே ஆண்டு நடந்த முதல் பொதுத் தேர்தலில் வட கிந்தா தொகுதியில் வென்று தொழிலாளர் அமைச்சரானார். தஞ்சோங் ரம்புத்தான் இருப்பதும் கிந்தாவின் வடபகுதியில்தான். பின்னர் சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு எனப் பல பொறுப்புகளை வகித்தார். ஆனால், தோட்டப்புற மக்கள் அவரை நினைவில் வைத்திருப்பது அமைச்சர் பதவிக்காக அல்ல.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. மொத்தமாக வாங்கிய தரகுக் கூட்டங்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி இலாபத்துக்கு விற்றன. இதுதான் தோட்டத் துண்டாடல். பத்து ஏக்கர் வாங்கியவருக்கு நூறு தொழிலாளர்கள் எதற்கு? வேலை போனது. வேலையோடு லயத்து வீடும் போனது, ஏனென்றால் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். பிள்ளைகள் வெளியேற, தமிழ்ப்பள்ளி காலியானது. கோயில் நின்ற மண் வேறு யாருக்கோ உரியதானது.

அன்றைய தோட்டத்து இளைஞர்களுக்குப் பொதுவாழ்க்கை என்றால் மாலை நேரப் பந்து விளையாட்டு, மன்றத்தின் வாசகசாலை, திருவிழாவுக்குப் போடும் நாடகம், தீமிதிக்குத் தண்ணீர் சுமப்பது. இவையெல்லாம் நடந்தது தோட்டத்து மண்ணில். திடல் துண்டுபோட்டு விற்கப்பட்டால் மன்றம் எங்கே கூடும்? நிலம் போனால் ஊரே போகும் என்பதைச் சம்பந்தன் புரிந்துகொண்டார். ம.இ.கா.வில் பலர் அரசாங்கம் ஏதாவது செய்யட்டும் என்றிருந்த நேரத்தில் அவர் தொழிலாளர்களிடமே போனார்.

1960 மே மாதம் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. ஒரு பங்கு நூறு வெள்ளி. மொத்தமாகக் கொடுக்க இயலாதவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டலாம். நாள் கூலி சில வெள்ளியாக இருந்த காலத்தில் அந்தப் பத்து வெள்ளி சின்னத் தொகை அல்ல. வீட்டு மளிகையில்தான் கைவைக்க வேண்டும். அமைச்சராக இருந்துகொண்டே தோட்டம் தோட்டமாகப் போய் உறுப்பினர் சேர்த்தார். சேர்ந்த பணத்தில் சங்கம் முதலில் வாங்கியது கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம். அடுத்தடுத்து வேறு தோட்டங்களும் சேர்ந்தன. துண்டாடாமல் முழுத் தோட்டமாக நடத்தியதால் அங்கு வேலையும் வீடும் நிலைத்தன.

இதில் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. சங்கம் நிலத்தை வாங்கியதே தவிர, தொழிலாளி தன் பெயரில் ஓர் ஏக்கரும் பெறவில்லை. காலையில் கூலிக்குப் பால் வெட்டினார், ஆண்டு முடிவில் இலாப ஈவு பெற்றார். சொந்த நிலத்தில் பயிர் செய்யும் இளைய தலைமுறை அதனால் உருவாகவில்லை. மறுபக்கம், தனித்தனியாகக் கொடுத்திருந்தால் அதுவும் ஒருவகைத் துண்டாடலாகவே முடிந்திருக்கும்.

கல்வியிலும் அவர் கை இருந்தது. சுங்கை சிப்புட்டில் 1954இல் திறக்கப்பட்ட மகாத்மா காந்தி கலாசாலை அவருடைய முயற்சி.

1967இல் துன் விருது கிடைத்தது. ஆனால் கட்சிக்குள் எதிர்ப்பு வளர்ந்தது. 1973இல் தலைமைப் பதவியை வீ.மாணிக்கவாசகத்திடம் விட்டு விலகினார். தந்தை வைத்துச் சென்ற சொத்தில் பெரும்பகுதி அரசியலிலும் பொதுப்பணியிலும் கரைந்திருந்தது. கூட்டுறவுச் சங்கத்தை மட்டும் அவர் விடவில்லை. 1979 மே 18ஆம் தேதி காலமானார்.

கோலாலம்பூரில் சங்கத்தின் தலைமையகம் விஸ்மா துன் சம்பந்தன் என்ற பெயரில் நிற்கிறது. பிரிக்பீல்ட்ஸின் பெரிய சாலையும் அவர் பெயரைத் தாங்குகிறது. சங்கத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பால்மரம் வெட்டிய குடும்பங்களின் இளைஞர்கள் பெரும்பாலும் நகரங்களில் இருக்கிறார்கள். பங்குதாரர்களின் பிள்ளைகள் மேற்படிப்புக்குச் சங்கத்தின் கல்வி உதவிநிதியைப் பெறுகிறார்கள்.