இழப்பிலும் நன்றி மறவாத கூரத்தாழ்வான்

நாம் ஒன்று நினைக்கத் தெய்வம் வேறொன்று நினைக்கும் என்பது நாட்டு வழக்கு. பெரும்பாலோர் இதனைப் பெருமூச்சோடுதான் சொல்வர். எண்ணிய காரியம் கைகூடாதபோது மனந்தளர்வதும், எம்பெருமான் நம்மை மறந்தானோ என ஐயுறுவதும் மனித இயல்பு. அத்தகைய வேளைகளில் நெஞ்சுக்கு உரமூட்டும் சரித்திரம் ஒன்று ஸ்ரீவைஷ்ணவ ஆசார்ய பரம்பரையில் உண்டு. செல்வத்தைத் தாமே துறந்து, பின்னர் கண்களையும், வாழ்ந்த திருப்பதியையும், ஆசார்யனின் அண்மையையும் இழந்து, அத்தனைக்குப் பின்னும் எம்பெருமானிடம் குறை சொல்லாது நின்ற மஹான் கூரத்தாழ்வான்.

கதவோசை

காஞ்சிபுரத்திற்கு அண்மையில் உள்ள கூரம் என்னும் ஊரில், மரபுக் கணக்கின்படி 1010ஆம் ஆண்டு, ஸௌம்ய வருஷம் தை மாதம் ஹஸ்த நக்ஷத்திரத்தில் அவதரித்தவர் ஆழ்வான். ஸ்ரீவத்ஸாங்கர் என்பது அவர்தம் திருநாமம். ஹாரீத கோத்திரத்துச் செல்வக் குடி, நிலபுலன்களுக்குக் குறைவில்லை. வேதசாஸ்திரங்களில் நிகரற்ற புலமையும் இளமையிலேயே வாய்த்தது. ஆண்டாள் என்னும் உத்தம குணவதியை மணந்து, நாள்தோறும் காலை முதல் இரவு வரை வருவோர்க்கெல்லாம் அன்னமிட்டு வாழ்ந்தார். உடையவர் காஞ்சியில் துறவறம் மேற்கொண்ட காலத்திலேயே முதலியாண்டானும் ஆழ்வானும் அவருக்குச் சீடராயினர். முதலியாண்டானைத் திரிதண்டமாகவும் ஆழ்வானைப் பவித்திரமாகவும் உடையவர் கருதினார் என்பது பிரசித்தம்.

ஆழ்வானுடைய திருமாளிகையின் பெருங்கதவுகள் இரவில் அன்னதானம் முடிந்த பின்னரே சாத்தப்படும். ஓரிரவு அக்கதவோசை வரதராஜன் ஸந்நிதி வரை கேட்டதாகவும், அஃது என்ன ஒலி எனப் பெருந்தேவித் தாயார் திருக்கச்சி நம்பிகளிடம் வினவியதாகவும் குருபரம்பரை நூல்கள் கூறும். ஆழ்வானின் அன்னதானப் பெருமையை நம்பிகள் விண்ணப்பிக்க, அவரைக் காணத் தாயார் திருவுள்ளம் கொண்டாள்.

வேறொருவராயின் இச்செய்தி கேட்டு மகிழ்ந்திருப்பர். ஆழ்வானோ நடுங்கினார். தாம் செய்யும் தருமத்தின் ஓசை ஸந்நிதி வரை கேட்கும் அளவுக்குத் தம் செல்வம் ஆரவாரம் செய்கிறதே என நாணினார். உள்ளதனைத்தையும் வழங்கிவிட்டு, தேவியாருடன் கால்நடையாகத் திருவரங்கம் நோக்கிப் புறப்பட்டார். காட்டு வழியில் தேவியார் அச்சமுற்றார். மடியில் ஏதேனும் கனமிருந்தாலன்றோ வழியில் பயம் என்று ஆழ்வான் விசாரிக்க, அவர் அமுது செய்வதற்கென ஒரு பொன்வட்டிலை மட்டும் எடுத்து வந்ததைத் தேவியார் தெரிவித்தார். ஆழ்வான் அதனை வாங்கித் தூர எறிந்தார். அதன்பின் இருவரும் அச்சமின்றி நடந்தனர்.

மழை நாள்

திருவரங்கத்தில் உடையவர் திருவடி நிழலில் வாழ்வதே ஆழ்வானுடைய ஒரே மனோரதம். நேற்றுவரை ஊருக்குச் சோறிட்டவர், இன்று உஞ்சவிருத்தியால் வயிறு வளர்த்தார். ஒரு நாள் விடாத மழை பெய்தமையால் வெளியே செல்ல இயலவில்லை. திருமாளிகையில் அன்று அடுப்பு மூட்டப்படவில்லை. ஆழ்வானோ பட்டினியைப் பொருட்படுத்தாது பகவத் சிந்தனையில் ஆழ்ந்திருந்தார்.

இரவில் திருக்கோயிலில் அரவணை அமுது செய்யும் வேளையின் வாத்திய ஒலி கேட்டது. அடியவர் பசித்திருக்கத் தேவரீர் அமுது செய்தருளலாகுமோ எனத் தேவியார் நெஞ்சில் ஓர் எண்ணம் எழுந்தது. வாய் திறந்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் சிறிது நேரத்தில் பெரிய பெருமாளின் நியமனப்படி உத்தமநம்பி பிரசாதங்களுடன் வாசலில் வந்து நின்றார். திகைத்த ஆழ்வான் தேவியாரை நோக்க, அவர் தம் நினைவை ஒளியாது கூறினார். சோற்றுக்காக எம்பெருமானை வருத்துவது தகுமோ என ஆழ்வான் வருந்தினார். எனினும் வந்த பிரசாதத்தை மறுக்காமல் இரண்டு திரளை மட்டும் ஏற்றுக்கொண்டார். அப்பிரசாத மகிமையால் பராசர பட்டரும் அவர்தம் தம்பியும் திருக்குமாரர்களாகத் தோன்றினர் என்பது பெரியோர் கொள்கை. அடுப்பு மூட்டாத அந்த இரவிலிருந்தே, பின்னாளில் தரிசனத்தைத் தாங்கி நடத்திய பட்டர் என்னும் பெருஞ்செல்வம் நமக்குக் கிடைத்தது.

எழுத்தாணி நின்ற இடம்

உடையவர் ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்யத் திருவுள்ளம் பற்றியபோது, போதாயன விருத்தியைத் தேடி ஆழ்வானுடன் காஷ்மீரம் வரை எழுந்தருளினார். அரிதிற் கிடைத்த அந்நூலை அங்குள்ளோர் வழியிலேயே மீளப் பறித்துக்கொண்டனர். பயணமே பாழாயிற்று என உடையவர் கலங்க, இரவுதோறும் தாம் அந்நூல் முழுவதையும் ஓதி நெஞ்சில் நிறுத்திவிட்டதை ஆழ்வான் விண்ணப்பித்தார்.

ஸ்ரீபாஷ்யத்தை உடையவர் சொல்ல, ஏட்டில் எழுதும் பேறும் ஆழ்வானுக்கே வாய்த்தது. ஒவ்வாத பொருள் வருமிடத்தில் எழுதாமல் நிறுத்துக என்பது உடையவரின் கட்டளை. ஆத்மாவின் இலக்கணத்தை அறிவுடைமை ஒன்றைக்கொண்டே உடையவர் உரைத்தபோது, அது எம்பெருமானுக்கு உரியது என்னும் சேஷத்துவம் விடுபட்டமையால் ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. உடையவர் சினந்து ஆழ்வானைக் கடிந்து தள்ளினார். ஆணையிட்டவரே அவ்வாணையைக் கடைப்பிடித்ததற்காகச் சினந்தால் யாருக்கும் மனம் புண்படும். உடனிருந்தோர் ஆழ்வானை அணுகி, இனி என் செய்வதாக எண்ணம் எனக் கேட்டனர். தாம் உடையவரின் உடைமை என்றும், உடைமையை உடையவன் தன் விருப்பப்படி கையாள்வதில் கேள்வி எழாது என்றும் அமைதியாக விடையளித்தார் ஆழ்வான். எந்தச் சேஷத்துவத்திற்காக எழுத்தாணியை நிறுத்தினாரோ, அதனையே தம் ஒழுக்கத்தால் காட்டினார். பின்னர் உடையவரும் தெளிந்து, ஆழ்வான் கொண்ட பொருளே பொருந்துவதென அருளி, நூலைத் தொடர்ந்தார்.

காவி மாறிய நாள்

இவ்வாறு திருவரங்கத்தில் நிலைபெற்றிருந்த வாழ்வு ஒரு நாளில் குலைந்தது. சமயக் காழ்ப்புக் கொண்ட சோழ மன்னன் ஒருவன், தன் கொள்கைக்கு உடன்பட்டுக் கையொப்பமிடுமாறு உடையவரை அழைத்துவர ஆளனுப்பினான். உடையவரும் ஆழ்வானும் உடன்படாதவரை மற்றவர் கையொப்பத்தால் பயனில்லை என அரசனுக்கு எடுத்துக் கூறியவன் நாலூரான். அவன் ஒரு காலத்தில் ஆழ்வானின் சீடனாயிருந்தவன் என்பது மரபு.

தூதர் வந்த செய்தியறிந்த ஆழ்வான், உடையவரின் காஷாயத்தையும் திரிதண்டத்தையும் தாம் தரித்துப் பெரிய நம்பிகளுடன் அரசவைக்குச் சென்றார். உடையவர் வெள்ளாடை உடுத்து மேல்நாடு எழுந்தருளினார். அரசவையில் நாராயண பரத்துவத்தை ஆழ்வான் அஞ்சாது நாட்டவே, மன்னன் வெகுண்டு இருவர் கண்களையும் பறிக்கக் கட்டளையிட்டான். அத்தகையவனைக் கண்ட கண்கள் இனி வேண்டா எனத் தம் கண்களை ஆழ்வான் தாமே களைந்தார் என்று குருபரம்பரை நூல்கள் பேசும். நூறு பிராயத்தைக் கடந்த பெரிய நம்பிகள் அவ்வேதனை தாங்காது, திருவரங்கம் திரும்பும் வழியிலேயே திருநாடு அலங்கரித்தார். ஆழ்வான் பார்வையிழந்து மீண்டார்.

உடையவரோ மேல்நாட்டில் மேல்கோட்டை என்னும் திருநாராயணபுரத்தைச் சீர்திருத்தி, செல்வப்பிள்ளையின் ஆராதனத்தை நிலைநாட்டினார். இன்றளவும் திகழும் அத்திருப்பதியின் சிறப்புக்கு ஆழ்வான் இழந்த கண்களும் ஒரு காரணமாயின.

வாசலில் நேர்ந்த சோதனை

அரங்கன் ஸந்நிதிக்கு வந்த ஆழ்வானுக்கு அதனினும் பெரியதொரு சோதனை காத்திருந்தது. உடையவரைச் சேர்ந்தோர் எவரையும் உள்ளே விடலாகாது என அரசாணை இருந்தது. காவலாளன் ஒருவன் தடுத்தான். மற்றொருவன், ஆழ்வான் எல்லோருக்கும் நல்லவர், ஆதலின் அவரை மட்டும் விடலாம் எனப் பரிந்துரைத்தான்.

கண்ணிழந்தும் தளராத ஆழ்வான் இச்சொற்கேட்டுத் தளர்ந்தார். நற்குணம் பிறரை எம்பெருமானாருடன் சேர்த்து வைப்பது. தம் குணமோ எம்பெருமானார் ஸம்பந்தத்திலிருந்து தம்மைப் பிரித்துக் காட்டப் பயன்படுகிறதே எனக் கலங்கினார். அந்த ஸம்பந்தத்தை விலையாகக் கொடுத்துப் பெறும் அரங்கன் ஸேவையும் வேண்டா எனத் திரும்பினார். கண்ணை இழக்க இசைந்தவர், ஆசார்யனுடன் உள்ள உறவைக் கணநேரமும் இழக்க இசையவில்லை. எதை விடலாம், எதை விடலாகாது என்பதை ஆழ்வான் அறிந்திருந்தார். அதனாலேயே மற்ற இழப்புகள் அவரைச் சாய்க்க முடியவில்லை.

சோலைமலையில்

பின்னர்க் குடும்பத்துடன் திருமாலிருஞ்சோலை சென்று அழகருக்கு அடிமைசெய்து வாழ்ந்தார். கண்ணில்லாதவர் பாடியது அழகரின் வடிவழகை! 130க்கும் மேற்பட்ட சுலோகங்கள் கொண்ட ஸுந்தரபாஹு ஸ்தவம் அங்கே தோன்றியது. ஸ்ரீவைகுண்ட ஸ்தவம், அதிமானுஷ ஸ்தவம், வரதராஜ ஸ்தவம், ஸ்ரீஸ்தவம் ஆகியவற்றோடு சேர்ந்து அது பஞ்சஸ்தவம் எனப் போற்றப்படுகிறது.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வந்ததெல்லாம் நன்மையே எனச் சொல்லி ஆழ்வான் தம் ஏக்கத்தை மறைத்துக்கொள்ளவில்லை. திருவரங்கத்தில் எம்பெருமானாருடன் முன்போல் கூடி வாழும் வாழ்வைத் தந்தருள வேண்டுமென அந்த ஸ்தவத்திலேயே அழகரிடம் மன்றாடுகிறார். நன்றியுடைமை என்பது துன்பத்தைத் துன்பமன்று எனச் சாதிப்பதன்று. இழந்ததைக் கேட்கும்போதும், கேட்கும் இடம் தம்முடைய தந்தையின் இடம் என்னும் துணிவு குலையாதிருப்பதே அது.

வரதனிடம் கேட்ட வரம்

மன்னன் மாண்டபின், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து உடையவர் திருவரங்கம் மீண்டார். ஆழ்வானும் ஓடிவந்து திருவடியில் விழுந்தார். தரிசனத்திற்காகக் கண்ணிழந்தவரை வாரியெடுத்து உடையவர் கண்ணீர் பெருக்கினார். யாரோ ஒரு ஸ்ரீவைஷ்ணவரின் திருமண்காப்புக் கோணியிருந்ததெனத் தாம் என்றேனும் நினைத்திருக்கக்கூடும், அதன் பலன் இது என்று ஆழ்வான் ஆறுதல் கூறினார். பழியை எம்பெருமான் மீதும் சுமத்தவில்லை, மன்னன் மீதும் சுமத்தவில்லை.

உடையவர் மனம் ஆறவில்லை. கேட்ட வரமளிக்கும் பேரருளாளன் மீது ஒரு ஸ்தவம் பாடிக் கண்களை வேண்டுமாறு நியமித்தார். ஆழ்வான் காஞ்சிக்குச் சென்று வரதராஜ ஸ்தவத்தை விண்ணப்பிக்க, வரதனும் உகந்து வேண்டியதைக் கேட்கச் சொன்னான். தாம் பெறும் பேற்றினை நாலூரானும் பெற வேண்டும் என்று ஆழ்வான் வேண்ட, வரதன் அவ்வாறே அருளினான்.

கண் கேட்க அனுப்பியவர் திருவுள்ளம் துணுக்குற்றது. தம் விருப்பம் ஈடேறவில்லையே என உடையவரும் ஒரு கணம் வருந்தினார். ஆயினும் தம் வாழ்வைக் குலைத்தவனுக்கு வீடு கேட்ட சீடனைப் பெற்ற பெருமை அவ்வருத்தத்தை விஞ்சியது. உடையவரையும் எம்பெருமானையும் மட்டும் காணும் பார்வை ஆழ்வானுக்கு அருளப்பட்டதாகச் சில நூல்கள் கூறும். எவ்வாறாயினும், ஆழ்வான் முதலிற் கேட்டது கண்ணன்று. நிறைந்த நெஞ்சிலே பகைக்கு இடமில்லை; தமக்கு ஒன்றும் குறைவில்லை என்று உணர்ந்தவராலேதான் தமக்குத் தீங்கு செய்தவனுக்கும் கேட்க முடியும்.

முன் சென்றவர்

இறுதியில் ஒரு நாள் அரங்கன் ஸந்நிதியில் ஆழ்வான் பரமபதம் வேண்ட, பெருமாள் அவருக்கும் அவரைச் சேர்ந்தோருக்கும் அதனை அளித்தருளினார். இச்செய்தி கேட்ட உடையவர் தம் மேலுத்தரீயத்தை ஆகாயத்தில் எறிந்து ஆனந்தித்தார். ஆழ்வான் ஸம்பந்தத்தால் தமக்கும் பேறு உறுதியாயிற்று என்பது அம்மகிழ்ச்சிக்குக் காரணம். ஆசார்யன் சீடனால் பெற்ற பேறாக இதனைக் கொண்டாடிய விநயம் எம்பெருமானாருக்கே தகும். தம்மை விட்டு ஏன் முந்த வேண்டும் என உடையவர் நெகிழ்ந்து வினவ, திருநாட்டிற்கு எழுந்தருளும் உடையவரை அங்கே எதிர்கொண்டு அழைக்க அடியேன் முன்னரே அங்கு இருக்க வேண்டாவோ என விண்ணப்பித்து ஆழ்வான் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

கல்வி, செல்வம், குடிப்பிறப்பு ஆகிய மூன்றாலும் வரும் செருக்கை முக்குறும்பு என்பர். அதனைக் கடந்தவர் என்று திருவரங்கத்தமுதனாரால் போற்றப்பெற்றவர் ஆழ்வான். 2010ஆம் ஆண்டில் அவர் அவதரித்து ஆயிரம் ஆண்டுகள் நிறைந்தன. தை ஹஸ்தம் வரும்போதெல்லாம் கூரத்திலும் பிற திவ்ய தேசங்களிலும் அடியார்கள் அவரைக் கொண்டாடி வருகின்றனர்.

மழையால் ஒரு நாள் பிழைப்புத் தடைப்படுவதும், செய்த உழைப்புக்குப் பாராட்டுக்குப் பதில் கடுஞ்சொல் கிடைப்பதும், அரும்பாடுபட்டுத் தேடியது கைநழுவுவதும் இல்லறத்தார் அனைவருக்கும் நேர்வனவே. அவ்வேளைகளில் ஆழ்வானை நினைப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். நாம் வகுத்த வழி அடைபடலாம். நம்மை உடையவன் நம்மைக் கைவிடுவதில்லை. அத்தெளிவோடு கிடைத்ததை உண்டு, கிடைக்காததை அவனிடமே கேட்டு, இடையூறு செய்தவருக்கும் நலம் வேண்டி வாழ்வதே ஆழ்வான் காட்டிய நெறி.

கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்.