டாக்டர் எல்லப்பிரகத சுப்பாராவ்

1895இல் பீமாவரத்தில் பிறந்த சுப்பாராவ், மெட்ரிகுலேஷனில் மூன்றாம் முறைதான் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்து ஆசிரியரின் சினத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். கிட்டவில்லை, எல்.எம்.எஸ். மட்டுமே கிட்டியது. உடன்பிறந்தவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் பறித்தது.

பின்னர் அமெரிக்கா சென்றார். ஹார்வர்டில் ஃபிஸ்கேயுடன், மாலிப்டேட் தரும் நீலநிறத்தைக் கொண்டு பாஸ்பரசை அளக்கும் முறையை 1925இல் வகுத்தார். 1929இல் இருவரும் தசையில் ஏ.டி.பி.யைக் கண்டனர்.

செல் டி.என்.ஏ.யைக் கட்ட ஃபோலிக் அமிலம் வேண்டும். லெடர்லி ஆய்வகத்தில் அவர் குழு அதனைத் தொகுத்தது, ஸ்ப்ரூவுக்கு மருந்தாயிற்று. அதன் சாயலில் அமைத்த அமினாப்டெரின், அதன் வேலையை மறித்து டி.என்.ஏ. ஆக்கத்தைத் தடுத்தது. 1947இல் அம்மருந்தால் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகள் சிலருக்கு நோய் தணிந்தது.

1948இல் மறைந்தார். தேர்வில் தோற்றவர் வாழ்வில் தோற்றவரல்லர் என்பதற்கு அவரே சான்று.